வலது கையில் மூன்று மடிப்பு

பதிவுத் தபாலில் வந்த கவரை மாஸ்டர் என் கடைக்கு எடுத்து வந்தது மழை பிடித்த நான்காம் நாள். நனையாமல் சட்டைக்குள் வைத்து, கோழிக்குஞ்சைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தார்.

"இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. இங்கிலீஷ்ல என்னமோ மிரட்டுற மாதிரி இருக்கு."

"இங்கிலீஷ் தெரியாதுன்னுவீங்களே, மிரட்டுறாங்கன்னு எப்படித் தெரியும்?"

"கடைசியில சிவப்பு மையில கோடு போட்டிருக்கே. நல்ல சேதிக்கு எவன் சிவப்பு மை செலவழிக்கிறான்?"

என் கடை பெரிய கடை ஒன்றுமில்லை. ஒரு நகல் எடுக்கும் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. மனு, விண்ணப்பம், விடுப்புக் கடிதம் எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பேன். மாடியில் மாஸ்டரின் வீடு. வீடும் தையற்கூடமும் ஒன்றுதான். முன்னறை வெட்டு மேசைக்கு, நடு அறை மூன்று தையல் மெஷினுக்கு, மிச்சமிருந்த ஓர் அறையில்தான் மனிதர்கள். மாஸ்டர், அவர் மனைவி, மாஸ்டரின் அக்கா, ஆக மூன்று பேர். மேலே மெஷின் ஓடினால் என் தலைக்கு மேல் கேட்கும். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு அடியில் உட்கார்ந்துதான் என் பிழைப்பும் ஓடுகிறது.

கவரைப் பிரித்துப் படித்தேன். பெரிய கம்பெனி. நாலைந்து ஊர்களில் கண்ணாடி போட்ட கடை வைத்திருப்பவர்கள். அவர்களுடைய வக்கீல் எழுதியிருந்தார். நீங்கள் தைத்து விற்கும் பெண்கள் டாப்ஸில் வலது தோளோரம் மூன்று சாய்ந்த மடிப்பும் அதன் பின்னால் இலை வடிவில் ஓர் ஒட்டுத்துணியும் இருக்கின்றன. இந்த அமைப்பு எங்கள் பெயரில் பதிவானது. பதினைந்து நாளில் நிறுத்த வேண்டும், கையிருப்பை ஒப்படைக்க வேண்டும், இனி ஒருக்காலும் தைக்க மாட்டோம் என்று எழுதித் தரவேண்டும். தவறினால் வழக்கு.

மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அது எங்க வீட்டுல பொறந்த மாடல். மூணு வருஷமா தைக்கிறோம். அவங்க எப்படிப் பதிவு பண்ண முடியும்?"

"யார் முதல்ல போய்ப் பதிவு பண்ணாங்களோ அவங்க பேர்ல இருக்கு மாஸ்டர்."

"நாங்க எதுக்குப் பதிவு பண்ணணும்? பெத்த புள்ளைய என் புள்ளைன்னு பதிவு ஆபீஸ்ல போயா சொல்றாங்க?"

சொல்லத்தான் செய்கிறார்கள் என்று சொல்ல வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அந்த மூன்று மடிப்பைப் பற்றி எனக்கு ஒரு சங்கதி தெரியும். ஒரு ரகசியத்தை மூன்று வருஷம் வயிற்றில் வைத்திருப்பது என்னைப் போன்ற ஓட்டைவாய்க்காரனுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். இப்போது சொல்வதில் தப்பில்லை.

உடுப்பின் இரண்டு கையும் ஒரே மாதிரி என்று நினைப்பவர்கள் ஊசி பிடிக்காதவர்கள். நாம் கையை முன்னால் நீட்டித்தான் வேலை செய்கிறோம். அதனால் அக்குளோரம் முன்பக்கத்தைக் கொஞ்சம் குழித்து வெட்டுவார்கள், பின்பக்கத்தை மேடாக விடுவார்கள். இடது கைக்கு வெட்டியதை வலது தோளில் வைத்தால் முன்னால் துணி தொளதொளக்கும், பின்னால் இழுத்துப் பிடிக்கும். மாஸ்டர் வீட்டில் துணி விரிப்பது எப்போதும் இரண்டு பேர் வேலை. மேசையின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் மனைவி. துணி அங்கே போய் மடங்கித் திரும்பும், இங்கே வந்து மடங்கித் திரும்பும். துணியின் வெளிப்பக்கத்தை முகம் என்பார்கள். அப்படி விரித்தால் ஓர் அடுக்கின் முகமும் அடுத்த அடுக்கின் முகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வெட்டில் இடதும் வலதுமாக ஜோடி ஜோடியாக விழும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் மனைவி வீட்டில் இல்லை. நாத்தனாருக்குக் கண்ணாடி மாற்றக் கூட்டிப் போயிருந்தார். மாஸ்டருக்குக் காய்ச்சல். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் அம்மா கொடுத்த நூற்றிருபது டாப்ஸ் அவசரம். மனைவி வரும்வரை பொறுக்கலாம் என்று தோன்றாமல் தனியாக விரித்தார். மறுமுனையில் பிடிக்க ஆளில்லாததால் ஒவ்வொரு அடுக்கையும் அறுத்துவிட்டு, திரும்ப முதல் முனைக்கே வந்து அடுத்ததை வைத்தார். எல்லாத் துணியும் முகத்தை மேலே காட்டிக்கொண்டு படுத்திருந்தது. வெட்டினார். இருநூற்று நாற்பது கையும் இடது கை.

அதே சாயத்தில் துணி மறுபடி கிடைக்கவில்லை. மனைவி மூன்று நாள் ஒரே ஒரு கையை வைத்துக்கொண்டு வாயில் குண்டூசியோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் மிஞ்சிய துணியை மூன்று சாய்மடிப்பாக அடக்கினார். பின்னால் இழுத்த இடத்தைக் கீறி, இலை மாதிரி ஒரு துண்டு சேர்த்தார். போட்டுப் பார்த்தால் தோளிலிருந்து துணி நழுவி விழுந்த விதத்தில் ஒரு தனி அழகு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் நூற்றிருபதும் விற்றுத் தீர்ந்து, இன்னும் இருநூறு வேண்டும் என்று கடையம்மா ஆள் அனுப்பினார். பிறகு ஒழுங்காக வெட்டிய வலது கையில் அதே மடிப்பை வைத்துப் பார்த்தார்கள். சப்பென்று இருந்தது. ஆகவே அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் வேண்டுமென்றே எல்லாவற்றையும் இடது கையாகத்தான் வெட்ட வேண்டியிருந்தது. கசப்பு மருந்து குடிப்பவர் முகத்தோடு வெட்டுவார்.

ஏனென்றால் மாஸ்டரின் பெருமையே அவர் கத்திரிதான். முப்பது வருஷத்தில் ஒரு சாண் துணி வீணாக்கியதில்லை என்று அவரும் சொல்வார், அவரைவிட அதிகமாக அவர் அக்கா சொல்வார். அக்காவை எல்லாரும் காஜாக்கா என்போம். பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது அவர் வேலை. தம்பியின் கத்திரியைப் புகழ்வது அவர் மூச்சு. தம்பியின் மனைவி எது செய்தாலும் அதில் ஒரு நூல் பிசிறு கண்டுபிடிப்பது அவர் பொழுதுபோக்கு. வெட்டுத் தப்பிய கதை அவருக்குத் தெரியாது. மடிப்பு புது மாடல் என்றுதான் அவரிடமும் சொன்னார்கள்.

வக்கீலைப் பார்ப்பதென்று முடிவானது. மாஸ்டரிடம் கறுப்புக் கோட்டு தைத்துக்கொள்ளும் வக்கீலம்மா ஒருவர் இருந்தார். சின்ன வயசு, ஆனால் பேச்சில் வளவளப்பு கிடையாது. மாடிக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். நடு அறையில் மெஷின் மேலிருந்த துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். விடாத மழையில் துணிக்கட்டெல்லாம் ஈரம் ஏறி, அறை முழுக்கப் புதுத்துணிக் கஞ்சி வாசனை. காஜாக்கா டீயும் ரொட்டியும் கொண்டுவந்து, முதல் டம்ளரைத் தம்பிக்குக் கொடுத்தார்.

"பதிவு பண்ணிட்டாங்கங்கிறதுக்காக எல்லாம் முடிஞ்சு போயிடல," என்றார் வக்கீலம்மா. "அவங்க மனு போட்டது ரெண்டு வருஷம் முன்னாடி. அதுக்கு முன்னாடியே இந்த மாடல் கடையில வித்திருந்தா, அது புதுசே இல்ல. புதுசு இல்லாததைப் பதிவு பண்ண முடியாது. பண்ணியிருந்தாலும் ரத்து பண்ணலாம்."

"வித்தோமே," என்றார் மாஸ்டர். "மூணு வருஷம் முன்னாடி. கடையம்மாவைக் கேளுங்க."

"கேட்டேன். சாட்சி சொல்றேங்கிறாங்க. ஆனா அவங்க உங்க ஆள்னு எதிர்ப்பக்கம் சொல்லும். காகிதம் வேணும். தேதி போட்டு, இந்த மடிப்பைப் பத்தி எழுதின காகிதம்."

"ரசீது இருக்கே."

"ரசீதுல டாப்ஸ் நூத்தியிருபதுன்னு இருக்கு. தோள்ல மடிப்பு இருந்துச்சுன்னு ரசீது சொல்லுமா?"

நான் மாஸ்டரின் மனைவியைப் பார்த்தேன். அவர் தரையில் கிடந்த நூல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அந்த நூலைப் பொறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

"காகிதம் இல்லாட்டி?" என்றார் காஜாக்கா.

"இல்லாட்டி கஷ்டம். இந்த மாடலை விட்டுடணும். தைச்சு வச்சிருக்கிறதையும் கொடுத்துடணும்."

தைத்து வைத்தது முந்நூறு. அந்த மாடலை விட்டால் கூடத்தில் மிச்சம் பாவாடைக்கு நாடா கோப்பதும் பேண்டுக்கு உயரம் குறைப்பதும்தான். வந்த வாடிக்கையெல்லாம் அந்தத் தோளுக்காக வந்தது.

மறுநாள் மத்தியானம் மாஸ்டரின் மனைவி என் கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்காராமல் மெஷினோரம் நின்றார்.

"அண்ணே, அந்த லெட்டர் ஞாபகம் இருக்கா?"

"மறக்கிற மாதிரியா இருக்கு? யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினியே தங்கச்சி."

அந்த நூற்றிருபதையும் அனுப்பும்போது, எதுவும் சொல்லாமல் அனுப்பினால் போதும், யாருக்குத் தெரியப் போகிறது என்றார் மாஸ்டர். இவருக்கு மனசு கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் என்னிடம் வந்து கடையம்மாவுக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். கை வெட்டும்போது என் கவனக்குறைவால் எல்லாம் இடது கையாக விழுந்துவிட்டது, வலது தோளில் மூன்று சாய்மடிப்பு வைத்து, பின்னால் இலை போல ஒட்டுக் கொடுத்துச் சரிசெய்திருக்கிறேன், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள், வருத்தப்பட மாட்டேன் என்று இருந்தது அதில். கடையம்மா படித்துச் சிரித்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக இவருடைய நகலில் தேதியோடு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். கடிதத்தைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார் இவர்.

"வச்சிருக்கியா?"

"பழைய பேட்டர்ன் அட்டைக்கு அடியில வச்சிருக்கேன். யாரும் அந்தப் பக்கம் போக மாட்டாங்க."

"அப்புறம் என்ன? ஓடிப்போய் வக்கீலம்மாகிட்ட கொடு."

"அவர் என்ன நினைப்பாரு அண்ணே. முப்பது வருஷமா அந்த ஒரு பேச்சை வச்சுத்தான் நிமிர்ந்து நடக்கிறாரு. அண்ணிக்குத் தெரிஞ்சா..." காஜாக்காவைத்தான் அப்படிச் சொன்னார்.

"அதுல அவர் பேரே இல்லையே. உன் கவனக்குறைவுன்னுதானே அடிக்கச் சொன்னே? நான்கூட அன்னிக்கு, எதுக்கும்மா இப்படின்னு கேட்டேன்."

அவர் கொஞ்சநேரம் மெஷினின் பச்சை விளக்கையே பார்த்தார். "ஆமா. என் பேர்ல இருக்கட்டும். அண்ணி எப்படியும் என்னைச் சொல்லத்தான் போறாங்க. கூட ஒண்ணு சொல்லட்டும். ஆனா வெட்டினது அவர்னு நீங்க எங்கேயும் வாய் திறக்கக் கூடாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. தப்புச் செய்தவர் மாடியில் மீசையை நீவிக்கொண்டிருக்க, தப்பைச் சரிசெய்தவள் தப்பைத் தலையில் போட்டுக்கொள்கிறாள். ஆனாலும் சரி என்றேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுப்பது லேசில்லை.

கடிதம் ரத்து மனுவோடு சேர்ந்து போனது. மாஸ்டர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார், என்ன காகிதம் என்று கேட்கவில்லை. விசாரணை வர இரண்டரை மாதம் ஆனது. அதுவரை துணிக்கடைகள் எதுவும் அந்த முந்நூறைத் தொடவில்லை. மேலே ஒரு மெஷின் மட்டும் ஓடும், அதுவும் விட்டு விட்டு. அந்த நிசப்தத்தில் எனக்கு நகல் எடுக்கவே கை வரவில்லை. மழை நின்று வெயில் வந்தது, வெயில் ஏறிப் புழுங்க ஆரம்பித்தது. மாஸ்டர் தினமும் கத்திரியைச் சாணை பிடித்துவிட்டு, வெட்ட எதுவும் இல்லாமல் துடைத்து வைப்பார். காஜாக்கா என் கடைக்கு வந்து உட்கார்ந்து புலம்புவார்.

"என் தம்பி கத்திரிக்கு வந்த சோதனையைப் பார்த்தியா தம்பி? அவன் வெட்டினா அளவு நாடா வெட்கப்படும். எல்லாம் இவ எதையோ புதுசா பண்றேன்னு மடிப்பு வச்சதால வந்த வினை."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், வலித்தது.

விசாரணை நடந்த பதிவு ஆபீஸ் ஐந்தாம் மாடியில். லிப்ட் வேலை செய்யவில்லை. காஜாக்கா வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், துணிப்பையில் அவித்த முட்டையும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறினார். வாசலில் பையைச் சோதித்துவிட்டு மாஸ்டரின் சட்டைப்பையில் இருந்த சின்னக் கத்திரியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பல்லைப் பிடுங்கியதுபோல ஆனார் மனிதர்.

அறையில் நீள மேசை, சுவரோரம் கோப்பு அடுக்கிய அலமாரிகள், ஒரு பக்கமாக மட்டும் காற்று வீசும் விசிறி. விசாரித்த அதிகாரி ஓர் அம்மா. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கம்பெனிப் பக்கம் டை கட்டிய ஒரு வக்கீலும், அந்த டாப்ஸை வடிவமைத்ததாகச் சொல்லப்பட்ட பையனும். இருபத்தைந்து வயசு இருக்கலாம். அலை கரைக்கு வந்து திரும்புவதைப் பார்த்துத்தான் மூன்று மடிப்பு தோன்றியது என்று மனப்பாடமாகச் சொன்னான். இலை எதற்கு என்று கேட்டதற்கு, அழகுக்காக என்றான்.

அதிகாரி மாஸ்டரிடம் கேட்டார். "நீங்க என்ன வேலை செய்றீங்க?"

அந்த ஒரு கேள்விக்காகவே அவர் ஐந்து மாடி ஏறியதுபோல இருந்தது. "வெட்டு மாஸ்டர்ம்மா. முப்பது வருஷம். எங்க கூடத்துல என்னைத் தவிர ஒருத்தரும் கத்திரியைத் தொட்டதில்ல. என் வீட்டம்மாகூட. இதுவரைக்கும் ஒரு வெட்டு தப்பினதில்ல."

பின்வரிசையில் காஜாக்கா தலையை ஆட்டினார். மாஸ்டரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டார். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

நினைத்தபடியே ஆயிற்று. கடிதத்தை அதிகாரி சத்தமாகப் படித்து முடித்ததும் டை கட்டிய வக்கீல் எழுந்தார். "இந்த லெட்டர்ல வெட்டினது அந்த அம்மான்னு இருக்கு. கணவரோ, மனைவி கத்திரியைத் தொட்டதே இல்லைன்னு இப்பத்தான் சொன்னார். ரெண்டுல எது பொய்? இது இந்த வழக்குக்காக இப்போ தயார் பண்ணின லெட்டர். முத்திரை குத்தினது வேண்டப்பட்ட கடை. அடிச்சுக் கொடுத்தவர் அதே வீட்டுக்குக் கீழே கடை வச்சிருக்கறவர்." என் பக்கம் திரும்பினார். "உங்க தொழில் என்ன?"

"நகல் எடுக்கிறதும் டைப் அடிக்கிறதும்."

"பழைய தேதி போட்டு இன்னிக்கு ஒரு லெட்டர் அடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அடிக்கிறதுன்னா அஞ்சு நிமிஷம். ஆனா நான் அடிக்கலை."

அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். உண்மை சொன்னதற்கு நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அதிகாரி மாஸ்டரின் மனைவியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. யார் வெட்டினது?"

"நான்தாங்க. அன்னிக்கு ஒருநாள் மட்டும்."

"அப்போ உங்க வீட்டுக்காரர் சொன்னது?"

அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். மாஸ்டர் மனைவியைப் பார்த்தார், அதிகாரியின் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். மூன்று வருஷமாக அப்படி ஒரு கடிதம் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரியும். நாற்காலி கிறீச்சிட எழுந்தார்.

"அவ வெட்டலைம்மா. நான்தான் வெட்டினேன்."

"இப்போ மாத்திச் சொல்றீங்களே."

"மாத்தல. மறைச்சு வச்சிருந்ததைச் சொல்றேன். காய்ச்சலோட தனியா துணி விரிச்சேன். எல்லாத்தையும் ஒரே முகமா போட்டுட்டேன். இருநூத்தி நாப்பதும் இடது கையா விழுந்துச்சு. அவதான் மூணு நாள் உட்கார்ந்து காப்பாத்தினா. நான் ஊர் முழுக்க, ஒரு வெட்டு தப்பினதில்லைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவ தன் பேர்லயே பழியைப் போட்டு எழுதியிருக்கான்னு இப்பத்தான் தெரியும்." கம்பெனிப் பக்கம் கையை நீட்டினார். "நம்பலைன்னா காட்டுறேன். அந்தக் கம்பெனி டாப்ஸைக் கொடுங்க. கத்திரியைத்தான் வாசல்ல வாங்கிக்கிட்டாங்க, ஒரு குண்டூசி இருந்தாப் போதும்."

டை கட்டிய வக்கீல் ஆட்சேபம் என்றார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் மேசையிலிருந்த குண்டூசி டப்பாவையே தள்ளினார்.

மாஸ்டர் கம்பெனி டாப்ஸை உள்பக்கம் திருப்பி மேசையில் விரித்தார். குண்டூசியால் தையலை ஒவ்வொன்றாக நெம்பினார். நடுநடுவே நூலைப் பல்லால் இழுத்தார். அந்தப் பத்து நிமிஷம் விசிறிச் சத்தம் மட்டும்தான். இடது கை தனியாக வந்தது. வலது கையைக் கழற்றி, மூன்று மடிப்பையும் பிரித்து, இலையை எடுத்து, கீறிய இடத்தைச் சேர்த்து நீவினார். ஒன்றின்மேல் ஒன்றை, முகம் மேலே பார்க்க வைத்தார்.

"சரியா வெட்டின ஜோடின்னா இப்படி வச்சா பொருந்தாதும்மா. ஒண்ணுல குழிவு இந்தப் பக்கம் இருக்கும், இன்னொண்ணுல அந்தப் பக்கம் இருக்கும். இதைப் பாருங்க."

இரண்டும் ஓரத்தோடு ஓரம் அப்படியே பொருந்தின. அதிகாரி எழுந்து வந்து விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டும் இடது கை," என்றார் மாஸ்டர். "இவங்க கம்பெனியில எத்தனை மாஸ்டர் இருப்பாங்க, எவ்வளவு பெரிய மேசை இருக்கும். தானா யோசிச்சு வெட்டினா இப்படி வெட்ட மாட்டாங்க. எங்க டாப்ஸைப் பிரிச்சுப் போட்டு அப்படியே வரைஞ்சு எடுத்திருக்காங்க." பையன் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. "தம்பி, அந்த இலை அழகுக்கு வச்சது இல்ல. அதை எடுத்துட்டா வலது கையைத் தூக்க முடியாது. வேணும்னா தைச்சுப் பாரு. வரைஞ்சு எடுத்த ஆள் ஒழுங்காத்தான் எடுத்திருக்கான். ஒரு நூல் பிசகலை. என் தப்பை என்னைவிட நல்லா பண்ணியிருக்கான்."

பையன் மேசையில் கிடந்த இரண்டு கையையும் பார்த்தபடி, "எனக்கு ஒரு டாப்ஸைக் கொடுத்து, இதை மாதிரி படம் போடச் சொன்னாங்க," என்றான். அவன் வக்கீல் அவன் முழங்கையைப் பிடித்தார். அதற்குள் அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் நின்றோம். ஜெயித்தோமா என்று தெரியாது, ஆனால் எல்லாருக்கும் மூச்சு ஒழுங்காக வந்தது. மூன்று வருஷம் வயிற்றில் கிடந்தது இறங்கி எனக்குப் பசி காதை அடைத்தது. காஜாக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பையைத் திறந்தார். அப்புறம் தம்பி மனைவியிடம் கேட்டார்.

"என்னைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனியே, அன்னிக்கா?"

"ஆமா அண்ணி."

"மூணு வருஷமா நான் பேசினதை எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தே?"

"நீங்க எப்பவும் பேசறதுதானே அண்ணி."

காஜாக்கா ஒரு முட்டையை எடுத்து, ஓட்டை உரித்து, உப்புத் தொட்டு, ரொட்டிக்குள் வைத்து முதலில் தம்பி மனைவியிடம் நீட்டினார். தம்பி கையை நீட்டிக்கொண்டு நின்றதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. "சாப்பிடு. காலையில ஒண்ணும் சாப்பிடலை நீ," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முட்டையைப் பார்த்து அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பஸ்ஸில் மாஸ்டரும் மனைவியும் முன் சீட்டில். நான் பின்னால். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"ஏன் உன் கவனக்குறைவுன்னு எழுதினே?"

"அன்னிக்கு நான் வீட்டுல இருந்திருந்தா மறுமுனையைப் பிடிச்சிருப்பேன்ல."

"அதுக்காக?"

"அதுக்காக இல்ல. உங்க பேரைச் சொல்ல எனக்கு வாய் வரலை, அவ்வளவுதான்."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, "இனிமே வாய் வரட்டும்," என்றார்.

உத்தரவு வர மூன்று வாரமானது. வக்கீலம்மா நேராக மாடிக்கே கொண்டுவந்தார். நானும் கடையைத் திறந்து போட்டுவிட்டு ஏறினேன். பதிவு ரத்து. கம்பெனியின் மனுத் தேதிக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே அந்த அமைப்பு கடையில் விற்கப்பட்டிருக்கிறது, கடிதம் நம்பத்தக்கது, அமைப்பு ஒரு வெட்டுப்பிழையைச் சரிசெய்யப் பிறந்தது என்று எழுதியிருந்தார் அதிகாரி. முந்நூறு டாப்ஸையும் அன்றே கேட்டுக் கடையம்மாவிடமிருந்து ஆள் வந்துவிட்டது. மாஸ்டரின் மனைவி மெஷின் மேல் கவிழ்ந்து கொஞ்சம் அழுதார். அழுது முடித்ததும் எழுந்து போய் டீ போட்டார்.

"அப்போ இனி இந்த மாடல் எங்களுதுதானே? நாங்க பதிவு பண்ணிக்கலாமா?" என்று கேட்டார் காஜாக்கா.

"முடியாதும்மா. வித்த பொருள் புதுசு இல்லைன்னு சொல்லித்தானே அவங்க பதிவை உடைச்சோம்? அதே சட்டம் உங்களுக்கும்தான். இனி இது யாருக்கும் தனிச்சொத்து இல்ல. நீங்க தைக்கலாம், யாரும் தடுக்க முடியாது. மத்தவங்களும் தைக்கலாம்."

"தெருவில போறவன் எல்லாமா?"

"தைக்கட்டும் அண்ணி," என்றார் மாஸ்டரின் மனைவி, டம்ளரை நீட்டியபடி. "நாளைக்கு என் மெஷின் ஓடும். எனக்கு அது போதும்."

வக்கீலம்மா டீயைக் குடித்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. அடுத்த தடவை புதுசா ஏதாவது பண்ணா, கடைக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்துடுங்க. முதல்ல பதிவு பண்ணிடலாம்."

மாஸ்டரின் மனைவி கணவரை ஒருமுறை பார்த்தார். "வந்துடலாம்தான். ஆனா இவர் அடுத்து எப்போ தப்பா வெட்டுவாருன்னு தெரியணுமே."

காஜாக்காவின் கையில் ஊசி அப்படியே நின்றது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டில் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. மாஸ்டர் தலையைக் குனிந்தார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் வெட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுத் துணிக்கட்டைப் பிரித்தார்.

"மறுமுனையைப் பிடி," என்றார் மனைவியிடம்.